அசைவைச் செதுக்கியவர்

நுழையும்முன்

சிற்பம் என்றவுடன் கல்லிலும் மரத்திலும் வெண்கலத்திலும் உறைந்து நிற்கும் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றும். காற்று வந்தால் மரக்கிளையைப்போல ஆடி, காற்று நின்றால் தானும் ஓயும் சிற்பம் ஏன் இருக்கக்கூடாது என்று எண்ணினார் ஒருவர். கம்பி, தகடு, குறடு ஆகியவற்றோடு பொறியியல் அறிவையும் துணைகொண்டு அந்த எண்ணத்துக்கு அவர் உருவம் கொடுத்தார். அலெக்சாண்டர் கால்டர் என்னும் அக்கலைஞரின் வாழ்க்கையை அறிவோம்.

மூன்று தலைமுறை

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரமன்றக் கட்டடத்தின் உச்சியில் வில்லியம் பென்னின் வெண்கலச் சிலை நிற்கிறது. 11 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 24 டன் எடையும் கொண்ட அச்சிலை 1894ஆம் ஆண்டு அங்கு ஏற்றப்பட்டது. அதனைப் படைத்தவர் அலெக்சாண்டர் மில்ன் கால்டர். ஸ்காட்லாந்தில் கல்லறைக் கற்களைச் செதுக்கும் ஒருவரின் மகனாகப் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்தவர் அவர். அக்கட்டடத்திலிருந்து புறப்படும் அகன்ற சாலையில் சிறிது தொலைவு சென்றால் ஒரு நீரூற்று. 1924இல் அமைந்த அதன் சிற்பங்களைச் செய்தவர் மில்ன் கால்டரின் மகன் ஸ்டிர்லிங் கால்டர். சாலையின் மறுமுனையில் உள்ள கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டு மண்டபத்தில் வெண்ணிறத் தகடுகள் மேலிருந்து தொங்குகின்றன. 1964ஆம் ஆண்டு செய்யப்பட்ட அச்சிற்பத்தின் பெயர் 'ஆவி'. அதைச் செய்தவர் பேரன்.

ஒரே சாலையில் மூன்று தலைமுறைச் சிற்பிகள். தாத்தாவின் சிலை எந்தப் புயலுக்கும் அசையக்கூடாது; அசைந்தால் நகரத்துக்கே ஆபத்து. பேரனின் சிற்பமோ மண்டபத்தில் உலவும் மெல்லிய காற்றுக்கும் இடங்கொடுத்துத் திரும்ப வேண்டும். அசையாவிட்டால் அது சிற்பமே அன்று. இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு குடும்பத்துக்குள் எழுபது ஆண்டுகளில் நிகழ்ந்தது வியப்புக்குரியது.

அலெக்சாண்டர் கால்டர் 1898ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் லான்டன் என்னும் ஊரில் பிறந்தார். தாய் நானெட் ஓவியர். தமக்கை பெக்கி இரண்டு வயது மூத்தவர். வீடெங்கும் களிமண்ணும் வண்ணமும் நிறைந்திருந்தன; ஆனால், வருமானம் நிலையாக இருந்ததில்லை. தந்தையைக் காசநோய் பற்றியபோது வறண்ட காற்றை நாடிக் குடும்பம் அரிசோனாவுக்கும், அங்கிருந்து கலிபோர்னியாவுக்கும் இடம்பெயர்ந்தது. பசடீனா நகரில் இருந்தபோது சிறுவனுக்கென்று ஒரு பட்டறையைப் பெற்றோர் ஒதுக்கித் தந்தனர். தெருவில் கிடந்த செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவந்து, தமக்கையின் பொம்மைகளுக்கு அவன் நகை செய்தான்.

1909ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் பெற்றோருக்கு அவன் தந்த பரிசுகள் இரண்டு. பித்தளைத் தகட்டை வெட்டி மடித்துச் செய்த ஒரு நாய். அதேபோன்ற ஒரு வாத்து. வாத்தை விரலால் தட்டினால் அது முன்னும் பின்னும் ஆடியது. பதினொரு வயதுச் சிறுவன் செய்த பொம்மைதான் எனினும், தட்டையான தகடு மடிந்து உருவமாவதும் அவ்வுருவம் தன் நிறையைத் தானே தாங்கி ஆடுவதும் அதில் உள்ளன. பின்னாளில் கால்டர் செய்த பெருஞ்சிற்பங்களிலும் இவ்விரண்டும்தாம் உள்ளன.

பொறியாளரின் அலைச்சல்

கலைக்குடும்பத்தின் இன்னல்களை நேரில் கண்டு வளர்ந்த கால்டர் பொறியியல் பயிலச் சென்றார். தாம் மதித்த ஒருவர் இயந்திரப் பொறியாளர் என்பதைத் தவிர அப்படிப்பைத் தேர்ந்தெடுக்கப் பெரிய காரணம் எதுவும் தமக்கு இருக்கவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டதுண்டு. நியூ ஜெர்சியின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 1919இல் பட்டம் பெற்றார். முப்பரிமாணப் பொருளைத் தாளில் வரைந்து கணக்கிடும் விளக்க வடிவியலில் அவர் சிறந்து விளங்கினார். அசைவு, விசை, நிறை ஆகியவை அவருக்கு அங்கே பாடங்களாயின.

பட்டம் பெற்ற பின்னர் எந்த வேலையிலும் அவர் நிலைத்திருக்கவில்லை. மோட்டார் வண்டித் துறையிலும் நீரியல் துறையிலும் பணியாற்றினார். மரம் வெட்டும் முகாம் ஒன்றில் நேரக் கணக்கராக இருந்தார். 1922ஆம் ஆண்டு நியூயார்க்கிலிருந்து பனாமா கால்வாய் வழியாகச் சான்பிரான்சிஸ்கோ செல்லும் பயணிகள் கப்பலில், கொதிகலன் அறையில் வேலை பார்த்தார். குவாத்தமாலா கரையோரம் கப்பல் சென்றுகொண்டிருந்த ஒருநாள் விடியற்காலை, மேல்தளத்தில் கயிற்றுச் சுருளின்மேல் உறங்கிக்கொண்டிருந்தவர் கண்விழித்தார். கடல் அமைதியாக இருந்தது. ஒருபுறம் நெருப்பாய்ச் சிவந்து எழுந்த கதிரவன். மறுபுறம் வெள்ளிக் காசு போன்ற நிலவு. இரண்டு வட்டங்கள் எதிரெதிரே, இடையில் பெருவெளி. அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவருடைய சிற்பங்களில் மீண்டும் மீண்டும் வரும் சிவப்பு வட்டத்தைக் காண்போர் அந்த விடியற்காலையை நினைவுகூரலாம்.

மரம் வெட்டும் முகாமில் இருந்தபோது பனிமலைகளைக் கண்டு, வண்ணங்கள் அனுப்புமாறு வீட்டுக்கு எழுதினார். 1923இல் நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பத் தொழிலிலிருந்து விலகிச் சென்ற மகன் இருபத்தைந்தாம் வயதில் அதற்கே திரும்பினார்; பொறியியல் கல்வியும் அவரோடு வந்தது.

பெட்டிக்குள் ஒரு சர்க்கஸ்

இதழ் ஒன்றுக்காக 1925இல் சர்க்கஸ் கூடாரத்தில் இரண்டு வாரம் தங்கிப் படம் வரையும் பணி கால்டருக்குக் கிடைத்தது. விலங்குகளையும் கோமாளிகளையும்விட, கயிறுகளும் கம்பங்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் கூடாரத்தைத் தாங்கும் முறை அவரை மிகவும் கவர்ந்தது. மறு ஆண்டு பாரிசுக்குச் சென்றார். கம்பி, தக்கை, துணி, மரத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு ஒரு முழுச் சர்க்கஸையே சிறிய அளவில் செய்யத் தொடங்கினார். ஊஞ்சலில் பாயும் வீரர்கள், வளையத்துக்குள் தாவும் குதிரைகள், வாளை விழுங்குபவர், சிங்கமும் அதை அடக்குபவரும் என அது வளர்ந்துகொண்டே போனது. தொடக்கத்தில் சில கைப்பெட்டிகளில் அடங்கிய சர்க்கஸ், பின்னர் ஐந்து பெட்டிகளை நிறைத்தது.

கால்டர் தரையில் மண்டியிட்டு அமர்ந்து, நூலை இழுத்தும் விசைப்பிடியைச் சுழற்றியும் அவ்வுருவங்களை ஆட்டுவார், அறிவிப்பாளரும் அவரே. பருத்த உடலும் பெரிய கைகளும் கொண்ட அம்மனிதர், விரல் உயரப் பாவைகளைக் கவனத்துடன் இயக்குவதைக் காண நண்பர்கள் கூடினர். மிரோ, லெஜே, லெ கார்பூசியே, மோந்திரியான் முதலியோர் அவ்வாறு வந்து அமர்ந்தவர்கள். ஊஞ்சல் வீரன் ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடித்துவிடுவதில்லை. தவறி வலையில் விழுவதும் உண்டு. விழுமா, விழாதா என்னும் அந்த ஐயமே காண்போரை இருத்திவைத்தது.

இதே காலத்தில் ஒரே கம்பியை வளைத்து மனித முகங்களையும் உருவங்களையும் செய்தார். தாளில் இழுத்த கோடு எழுந்து வெளியில் நிற்பதைப் போன்றவை அவை. கண்காட்சியில் தொங்கவிட்டபோது அவை மெல்லத் திரும்பின. சுவரில் விழுந்த நிழலும் உடன் திரும்பியது.

மோந்திரியானின் அறை

1930ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒருநாள், பாரிசில் இருந்த மோந்திரியானின் ஓவிய அறைக்குக் கால்டர் சென்றார். இருபுறமும் சாளரங்கள், ஒளி குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தது. வெண்சுவரில் சிவப்பு, நீலம், மஞ்சள் வண்ண அட்டைச் சதுரங்கள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஓவியத்தைவிடச் சுவரிலேயே காண்பது கால்டருக்கு மிகவும் பிடித்திருந்தது. இச்சதுரங்கள் வெவ்வேறு விரைவில் அசைந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். மோந்திரியான் சிரிக்கவில்லை, அதற்குத் தேவையில்லை என்றும், தம் ஓவியம் ஏற்கெனவே மிகு விரைவில் இயங்குவதாகவும் மறுமொழி கூறினார்.

இருவர் கூறியதிலும் பொருள் உண்டு. ஓவியத்தில் விரைவு பார்ப்பவரின் கண்ணில் நிகழ்கிறது என்பது மோந்திரியானின் நம்பிக்கை. ஸ்டீவன்ஸ் கல்லூரியில் விசைகளைக் கணக்கிட்டுப் பழகிய கால்டருக்கோ அவ்விரைவு பொருளிலேயே நிகழ வேண்டும். அறைக்குத் திரும்பியவர் சில வாரங்கள் தூய வடிவங்களை ஓவியமாக வரைந்து பார்த்தார். அது தமக்கு உரிய வழி அன்று என உணர்ந்து, கம்பிக்கும் தகட்டுக்கும் திரும்பினார்.

1931ஆம் ஆண்டு சனவரியில் லூயிசா ஜேம்ஸ் என்பவரை மணந்தார். அதே ஆண்டு, விசைப்பிடியாலும் சிறு மின்பொறியாலும் இயங்கும் சிற்பங்களைச் செய்தார். அவற்றைப் பார்க்கவந்த மார்செல் துஷாம் என்னும் கலைஞர் 'மொபைல்' என்று பெயர் சூட்டினார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அசைவது என்னும் பொருளும் உண்டு. செயலுக்குத் தூண்டும் நோக்கம் என்னும் பொருளும் உண்டு. கைப்பேசிக்கு அப்பெயர் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சிற்பத்துக்கு வந்துவிட்டது. அசையாத சிற்பங்களுக்கு 'ஸ்டேபைல்' என்னும் பெயரை ஆர்ப் என்னும் மற்றொரு கலைஞர் அடுத்த ஆண்டில் வழங்கினார்.

மின்பொறி கால்டரை நெடுநாள் நிறைவுபடுத்தவில்லை. பொறி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் செய்ததையே மீண்டும் செய்கிறது. பத்து நிமிடம் பார்த்தால் அடுத்து வருவதைச் சொல்லிவிடலாம். மின்பொறி பழுதாகும்போது சிற்பமும் நின்றுவிடும். எனவே, இயக்கும் வேலையை அவர் காற்றிடம் ஒப்படைத்தார்.

துலாக்கோலின் கணக்கு

காற்றில் ஆடும் சிற்பம் எளிமையானதாகத் தோன்றும். அதன் உள்ளே இருப்பது துலாக்கோலின் கணக்கு. ஒரு தண்டின் ஒருமுனையில் கனமான தகடும் மறுமுனையில் இலேசான தகடும் இருந்தால், தாங்கும் புள்ளி கனமான பக்கத்துக்கு அருகில் அமைய வேண்டும். நிறையைத் தொலைவால் பெருக்கிவரும் மதிப்பு இருபுறமும் சமமாக இருந்தால்தான் தண்டு கிடையாக நிற்கும். கிணற்றில் ஏற்றம் இறைத்த உழவர்களும் தட்டில் பொன் நிறுத்த வணிகர்களும் கையாண்ட விதிதான் இது.

கால்டர் இவ்விதியைக் கிளைகிளையாக அடுக்கினார். சிற்பத்தின் கடைக்கோடியில் வரும் மிகச்சிறிய தகட்டிலிருந்துதான் வேலையைத் தொடங்குவார். இரண்டு சிறு தகடுகளை ஒரு கம்பியில் கோத்து, விரலில் வைத்துப் பார்த்து, சமநிலைப் புள்ளியைக் கண்டு அங்கே ஒரு வளையம் முறுக்குவார். அந்த முழு இணையும் அடுத்த கம்பியின் ஒருமுனைக்கு எடையாகும். அதன் மறுமுனைக்கு வேறொரு தகடு. இவ்வாறு கீழிருந்து மேலாக ஏறி, இறுதியில் எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் தொங்கவிடுவார். பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. குறடும் விரலும் சொல்வதைக் கேட்பார்.

ஒவ்வொரு கிளையும் தன் வளையத்தில் தனியே திரும்ப வல்லது. மெல்லிய காற்று ஒரு தகட்டைத் தொட்டால் முதலில் அது திரும்பும். அதன் விளைவாக அடுத்த கிளை சாயும். பிறகு மேலுள்ளது தயங்கித் தயங்கித் தொடரும். காற்று நின்ற பின்னும் அந்த அசைவு சிறிது நேரம் எஞ்சியிருக்கும். ஒருமுறை கண்ட அமைப்பை மறுமுறை அப்படியே காண்பது அரிது. தகடுகளை அவர் இலைபோலவும் இறகுபோலவும் வெட்டினாரே தவிர, எந்த இலையையும் அப்படியே பார்த்துச் செய்யவில்லை. வண்ணங்களும் சிலவே: கருப்பு, வெள்ளை, சிவப்பு, சில வேளைகளில் நீலமும் மஞ்சளும். அவற்றுள்ளும் சிவப்பின்மீது அவருக்குத் தனிப்பற்று.

1933இல் கனெக்டிகட் மாநிலத்தின் ராக்ஸ்பரியில் பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார். அறைக்குள் தொங்கிய சிற்பம் அங்கேதான் வெட்டவெளிக்கு வந்தது. 1934ஆம் ஆண்டு செய்த 'உருக்கு மீன்' ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுடையது. திறந்தவெளிக்காக அவர் செய்த முதற்படைப்புகளுள் ஒன்று. வீட்டுக்குள் வரும் காற்று விருந்தாளி. வயல்வெளிக் காற்றோ யாருக்கும் அடங்காதது. மெல்லிய தென்றலுக்கு அசையுமளவு இலேசாகவும், கடும் புயலுக்குத் தாங்குமளவு உறுதியாகவும் ஒரே பொருள் இருந்தாக வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எஞ்சிய நாற்பது ஆண்டுகளும் கால்டர் இச்சிக்கலோடு உறவாடினார்.

பாதரசமும் போரும்

1937ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயின் குடியரசும் ஓர் அரங்கம் அமைத்தது. பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் முதலில் வைக்கப்பட்ட இடம் அதுவே. உலகின் பாதரசத்தில் பெரும்பங்கை அளித்துவந்த அல்மதேன் சுரங்க நகரைப் பிராங்கோவின் படைகள் கைப்பற்ற முயன்றுகொண்டிருந்தன. அந்நகரின் நினைவாகப் பாதரச ஊற்று ஒன்றை அமைக்கும் பொறுப்பு கால்டரிடம் வந்தது. அந்த அரங்கில் பங்கேற்ற கலைஞர்களுள் ஸ்பெயினைச் சேராதவர் அவர் ஒருவரே.

பாதரசம் பல உலோகங்களைக் கரைத்துவிடும். ஆதலால், இரும்புத் தகடுகளுக்குக் கீல் பூசினார். பாதரசம் ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்கு வழிந்து இறுதியில் ஒரு மட்டையின்மேல் விழும். அந்த விசையில் மேலே நீண்ட தண்டு அசையும். அதன் ஒரு முனையில் சிவப்பு வட்டம், மறுமுனையில் கம்பியால் எழுதிய அல்மதேன் என்னும் பெயர். பார்வையாளர்கள் நாணயங்களை எறிந்து, அவை பாதரசத்தில் மிதப்பதைக் கண்டு மகிழ்ந்தனர். எதிரே குண்டுவீச்சில் சிதைந்த ஊரின் ஓவியம். இன்று அவ்வூற்று பார்சிலோனாவில் உள்ளது. பாதரச ஆவி நச்சுத்தன்மை வாய்ந்தது என்பதால், கண்ணாடிக்கு அப்பால் நின்றே அதைக் காண இயலும்.

1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளை ஒருசேரக் காட்சிக்கு வைத்தது. உலகப்போரால் உலோகத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. கால்டர் மரத்துண்டுகளைச் செதுக்கிக் கம்பிகளில் பொருத்தி விண்மீன் கூட்டங்களைப்போல அமைத்தார். போர் முடிந்த பின் பாரிசில் நடந்த கண்காட்சிக்கு வேறொரு வழி கண்டார். வான்வழி அஞ்சலில் அனுப்பத்தக்க பொதியின் அளவைக் கேட்டறிந்து, அதற்குள் அடங்குமாறு பிரித்து மடிக்கும் சிற்பங்களைச் செய்தார். அக்கண்காட்சிக்கெனத் தத்துவ அறிஞர் சார்த்தர் ஒரு கட்டுரை எழுதினார். 1952இல் வெனிஸ் கலைவிழாவில் சிற்பத்துக்கான பெரும்பரிசு கால்டருக்குக் கிடைத்தது.

அகமதாபாத்தில் சில வாரங்கள்

1955ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கால்டரும் லூயிசாவும் இந்தியாவுக்கு வந்தனர். அழைத்தவர் அகமதாபாத்தின் கீரா சாராபாய். விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர். பின்னாளில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர். பயணச் செலவை அக்குடும்பம் ஏற்கும். ஈடாகக் கால்டர் சில சிற்பங்களைச் செய்து தருவார். ஒப்பந்தம் அவ்வளவே.

சாராபாய் குடும்பத்தாரின் பரந்த தோட்டத்தில், மரநிழலில் அவர் வேலை செய்தார். கையோடு கொண்டுவந்த கருவிகள் சிலவே. தகடும் கம்பியும் உள்ளூரில் கிடைத்தவை. அங்கு உருவான அசையும் சிற்பங்களுள் ஒன்று, நாம் ஈழத்தலரி என்று கூறும் மலரின் மேலைநாட்டுப் பெயரைத் தாங்கியது. அவ்வீட்டுப் பெண்களுக்கு நகைகளும் செய்து கொடுத்தார். செப்புக் கம்பியில் பொம்மை நகை செய்த சிறுவன் அவருக்குள் அப்படியே இருந்தான்.

வளர்ந்த சிற்பங்கள்

ஐம்பதுகளிலிருந்து கட்டடங்களும் நகரச் சதுக்கங்களும் அவரைத் தேடிவந்தன. பிரான்சு நாட்டின் சாஷே என்னும் சிற்றூரில் ஒரு வீடும் பட்டறையும் அமைத்துக்கொண்டார். முழங்கை அளவில் ஒரு மாதிரியைத் தகட்டில் வெட்டி, அருகில் உள்ள தூர் நகரின் உலோகப் பட்டறைக்கு எடுத்துச் செல்வார். அங்குள்ள தொழிலாளர்கள் அதனைப் பல மடங்கு பெருக்கி உருக்கில் வெட்டுவர். எந்த இடம் காற்றில் வளையக்கூடும், எங்கே விலாத்தகடு பொருத்தி வலுவூட்ட வேண்டும் என்பதைக் கால்டர் அவர்களோடு சேர்ந்து முடிவு செய்வார். மரையாணிகளை மறைக்கச் சொன்னதில்லை. எது எதைத் தாங்குகிறது என்பதை அவருடைய சிற்பம் ஒளிவின்றிக் காட்டும்.

பாரிசு யுனெஸ்கோ தலைமையகத்தின் வெளியில் 1958இல் நிறுவப்பட்ட 'சுருள்' ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுடையது. அதன் அடிப்பகுதி அசையாத கருநிற உருக்கு. உச்சியில் உள்ள தகடுகள் மட்டும் காற்றின் திசைக்கேற்பத் திரும்பும். கீழே உறுதியும் மேலே அசைவும் என அவர் கண்ட தீர்வு இதுவே. மரமும் அப்படித்தான் நிற்கிறது. கிராண்ட் ராபிட்ஸ் நகரச் சதுக்கத்துக்காக 1969இல் அவர் செய்த 13 மீட்டர் உயரச் செந்நிறச் சிற்பத்தை முதலில் பலர் எதிர்த்தனர். பின்னர் அந்நகரமே அதனைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. குப்பை வண்டிகளின்மீதுகூட அதன் உருவம் இடம்பெற்றது.

எல்லாப் படைப்புகளுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. பிட்ஸ்பர்க் நகரின் விமான நிலையத்துக்கு அன்பளிப்பாக வந்த கருப்பு வெள்ளைச் சிற்பத்துக்கு, உள்ளூர் நிருவாகத்தின் நிறங்களான பச்சையும் பொன்னிறமும் பூசினர். காற்றில் தானாக அசைய முடியாதபடி அதனை இறுக்கி, மின்பொறி கொண்டு சுழற்றினர். கால்டர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தாமே கைவிட்ட மின்பொறி, தம் சிற்பத்தின் தலையில் ஏறி அமர்ந்ததை அவர் காண நேர்ந்தது. அவர் மறைந்த பின்னரே அச்சிற்பம் பழைய வண்ணத்தைப் பெற்றது.

பொதுவாழ்விலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்து, 1966ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளிவரத் தம் மனைவியுடன் முன்னின்றார்.

கடைசி எடை

வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் புதிய கட்டடத்துக்குப் பெரியதோர் அசையும் சிற்பம் தேவைப்பட்டது. கால்டர் மாதிரி செய்து கொடுத்தார். அதனைப் பெருக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். காற்று தள்ளுவது பரப்பை. தள்ளப்பட வேண்டியது எடை. வளர வளர எடை காற்றை வென்றுவிடும். 23 மீட்டர் அகலமுள்ள அச்சிற்பத்தை உருக்கில் செய்தால் ஏறத்தாழ 3 டன் எடை வரும் என்று கணக்கிட்டனர். அது கட்டடத்துக்குள் உலவும் காற்றுக்கு அசையாது; மின்பொறி வேண்டும்.

பால் மத்தீஸ் என்னும் கலைஞர் உதவிக்கு வந்தார். 'மொபைல்' என்று பெயரிட்ட துஷாமின் வளர்ப்பு மகன் அவர். முப்பதுகளில் நியூயார்க்கில் கால்டரின் படைப்புகளைக் காட்சிப்படுத்திய பியேர் மத்தீஸின் மகன். தேன்கூட்டைப்போல உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகளாலும் உள்ளே வெற்றிடமான தண்டுகளாலும் அதே வடிவத்தைச் செய்யலாம் என்று அவர் காட்டினார். எடை 417 கிலோகிராமாகக் குறைந்தது. தகட்டையும் கம்பியையும் தம் கையால் வெட்டி வளைத்தே பழகிய கால்டர் இந்தப் புதுமுறைக்கு இசைவளித்தார்.

1976ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி திறக்கப்பட்டது. நவம்பர் 10ஆம் நாள், அமெரிக்க மேலவையின் புதிய அலுவலகக் கட்டடத்துக்கான 'மலைகளும் முகில்களும்' என்னும் சிற்பத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் சென்றார். கட்டட மாதிரியின் நடுவில் அதை வைத்து, நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்தார். மறுநாள் நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. அடுத்த சனவரியில், நாட்டின் உயரிய குடிமக்கள் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, வியட்நாம் போரில் பங்கேற்க மறுத்த இளைஞர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று கூறிக் குடும்பத்தார் அவ்விழாவுக்குச் செல்லவில்லை.

தேசியக் கலைக்கூடத்துச் சிற்பம் 1977 நவம்பரில் தொங்கவிடப்பட்டது. மின்பொறி எதுவும் இல்லை. கட்டடத்தில் உலவும் காற்றில் அது இன்றும் மெல்லத் திரும்புகிறது. 'மலைகளும் முகில்களும்' நெடுநாள் காத்திருந்தது. அரசு நிதி நிறுத்தப்பட்டு, தனியார் நன்கொடையால் 1986இல்தான் நிறைவுற்றது. 15 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கருநிற உருக்கு மலைகள் தரையில் நின்றன. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள அலுமினிய முகில்கள் மேலே தொங்கின. அவ்வளவு எடையைக் காற்று தள்ளாது என்பதால் மின்பொறி பொருத்தப்பட்டது. சில காலத்தில் அது பழுதாகி முகில்கள் நின்றுவிட்டன. 2016ஆம் ஆண்டு, பாதுகாப்புக் கருதி அவற்றைக் கழற்றி இறக்கினர். மலைகள் மட்டும் அங்கே நிற்கின்றன.